சட்ட மாணவனும் விதிப் புத்தகமும்

சட்டம் பயில்கிறவனுக்கு ஊரார் சட்டமெல்லாம் தெரியும். தன் கல்லூரியின் சட்டம் மட்டும் தெரியாது. இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவுகளை வரிசையாக ஒப்புவிக்கும் நண்பர்களிடம், சேர்க்கையின்போது நீங்கள் கையெழுத்திட்ட உறுதிமொழியில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். துணைவேந்தரின் ஒழுங்கு அதிகாரத்துக்குத் தாம் கட்டுப்பட்டவர் என்று அதில் ஒப்புக்கொண்டிருப்பது அவர்கள் நினைவில் இல்லை.

டில்லிப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை 1924ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நூறாண்டு கடந்த அத்துறையில் பயிலும் தமிழ் மாணவர்களுள் நானும் ஒருவன். ஆண்டுதோறும் நம் நாட்டுப்புறத்திலிருந்து புதிதாக வரும் தம்பியரும் தங்கையரும் சங்கத்துக்கு வந்து விடுதியைப் பற்றிக் கேட்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். டிசம்பர் குளிரைப் பற்றிக் கேட்கிறார்கள். விதிகளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அறிவிப்புப் பலகையில் பெயர் வந்த பிறகுதான் அந்தக் கேள்வி பிறக்கிறது. அப்போது ஒரு பருவமோ ஓர் ஆண்டோ கைவிட்டுப் போகும் நிலை வந்துவிடுகிறது. வெள்ளம் வருமுன் அணை போடுவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

விதிகளின் அடுக்கு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம்மைக் கட்டுப்படுத்தும் விதிகள் ஓரிடத்திலிருந்து வருவன அல்ல. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்கீழ் இந்திய பார் கவுன்சில் சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கிறது. அதன் சட்டக் கல்வி விதிகள் 2008இல் வெளிவந்தன. ராகிங், கருத்துத் திருட்டு, குறைதீர்ப்பு ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு தனித்தனி ஒழுங்குமுறைகளை இயற்றியிருக்கிறது. அடுத்து வருவன பல்கலைக்கழகத்தின் சொந்தச் சட்டங்கள். கடைசியில் கல்லூரியின் சுற்றறிக்கைகள். கீழ் அடுக்கிலுள்ளது மேலடுக்குக்கு முரண்படக் கூடாது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் ஒரு தாளைக் கண்டதும், இது எந்த விதியின்கீழ் வந்தது என்று கேட்பவனே சட்ட மாணவன்.

வருகைக் கணக்கு

நம்மவரை மிகுதியும் அலைக்கழிப்பது வருகை விதியே. பார் கவுன்சில் விதிகளில் 12ஆம் விதி கூறுவது இது: ஒரு பாடத்தில் நடந்த வகுப்புகளில் குறைந்தது 70 விழுக்காட்டுக்கு வராத மாணவர் அப்பாடத்தின் பருவத் தேர்வை எழுத அனுமதிக்கப்பட மாட்டார். மாதிரி நீதிமன்றம், பயிற்சி வகுப்பு, செய்முறைப் பயிற்சி ஆகியவையும் இக்கணக்கில் சேரும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. விதிவிலக்கான காரணம் இருந்தால் டீனோ முதல்வரோ 65 விழுக்காடு வந்தவரை அனுமதிக்கலாம். ‘65 போதும்’ என்று விடுதியில் பேசிக்கொள்வது இதிலிருந்து பிறந்ததுதான். ஆனால் விதியின் பின்பாதியை யாரும் படிப்பதில்லை. ஒரு பாடத்தில் 65 இருந்தாலும், எல்லாப் பாடங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது 70 இருந்தாக வேண்டும். மேலும், ‘அனுமதிக்கலாம்’ என்றுதான் இருக்கிறதே ஒழிய ‘அனுமதிக்க வேண்டும்’ என்று இல்லை. இவ்விரு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் படிக்கிறோம். நம் வாழ்க்கைக்கு வரும்போது மறந்துவிடுகிறோம்.

இதைக் கணக்காகவே பார்ப்போம். வாரம் 4 வகுப்பு வீதம் 15 வாரத்தில் ஒரு பாடத்துக்கு 60 வகுப்புகள் நடக்கின்றன என்று கொள்வோம். 70 விழுக்காடு என்பது 42. தவறவிடக் கூடியவை 18 மட்டுமே. சென்னைக்கு ரயிலில் போகவே ஒன்றரை நாள் ஆகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் பத்து நாள் கழிந்துவிடும். அதில் ஒவ்வொரு பாடத்திலும் ஐந்தாறு வகுப்புகள் போய்விடுகின்றன. ஒரே பண்டிகையில் நம் கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு செலவு! அதன்பின் காய்ச்சல் வந்தாலும், தங்கையின் திருமணம் வந்தாலும் மிச்சத்தில்தான் சமாளிக்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பணத்துக்கு மட்டும் சொன்னதன்று. பொங்கலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டுப் போங்கள் என்கிறேன்.

இவ்விதி எவ்வளவு கடுமையாக நடைமுறையில் இருந்தது என்பதற்கு ஒரு சான்று. 2018இல் நம் சட்டத்துறை மாணவி ஒருவர் மகப்பேற்றின் காரணமாக வகுப்புகளுக்கு வர இயலாமற் போயிற்று. தேர்வெழுத அனுமதி கோரி டில்லி உயர்நீதிமன்றத்தை அணுகினார். சட்டக் கல்வி தொழிற்கல்வி. அதன் வருகை விதியை நீதிமன்றம் தளர்த்த முடியாது என்று அம்மனு தள்ளப்பட்டது.

இதற்கும் முன்னர், 2016 ஆகஸ்டில், டில்லியில் ஒரு சட்ட மாணவர் வருகைக் குறைவால் தேர்வெழுத முடியாமற் போன நிலையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய நண்பர் எழுதிய கடிதத்தை உச்சநீதிமன்றம் தானே வழக்காக ஏற்றது. பின்னர் அதை டில்லி உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பியது. பல்லாண்டுகள் நடந்த அவ்வழக்கில் 2025 நவம்பர் 3ஆம் நாள் தீர்ப்பு வந்தது. வருகைக் குறைவை மட்டும் காரணம் காட்டி எந்தச் சட்ட மாணவரையும் தேர்விலிருந்து தடுத்து நிறுத்தக் கூடாது என்றது நீதிமன்றம். வருகை விதிகளை மறுபடி ஆராயுமாறு பார் கவுன்சிலைப் பணித்தது. அதுவரை கல்லூரிகள் செய்ய வேண்டியவற்றையும் வகுத்தது. வாரந்தோறும் வருகைக் கணக்கை மாணவருக்கு அறிவிக்க வேண்டும். குறைவிருந்தால் மாதந்தோறும் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். ஈடுகட்டக் கூடுதல் வகுப்புகள் நடத்த வேண்டும். அப்படியும் குறைந்தால் மதிப்பெண்ணில் 5 விழுக்காட்டுக்கு மேற்படாமல் குறைக்கலாம். தேர்வை மறுக்கக் கூடாது.

இத்தீர்ப்பைக் கேட்டு, இனி வகுப்புக்கே போக வேண்டாம் என்று எண்ணுவோர் உண்டு. அது தவறான எண்ணம். விதியை ஆராயச் சொன்னார்களேயன்றி, வகுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. வழக்காலும் சுற்றறிக்கையாலும் மாறக்கூடிய விதி இது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அப்போதுள்ள அறிவிப்பைப் படித்தறிவது நம் கடமை. ஓர் உயிர் போன பிறகுதான் ‘மாணவனுக்கு வாரந்தோறும் கணக்கைச் சொல்’ என்ற எளிய நியாயம் எழுத்தில் வந்தது. அதை நாம் வீணாக்கலாகாது. கணக்கைக் கேட்டு வாங்குங்கள். பிழை இருந்தால் அந்த வாரமே எழுத்தில் தெரிவியுங்கள். மருத்துவச் சான்றை நோய் தீர்ந்து வந்த அன்றே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். பருவ இறுதியில் கொண்டுபோகும் சான்றை ஐயத்தோடுதான் பார்ப்பார்கள்.

குற்றம் சாட்டப்பட்டால்

தேர்வுக் கூடத்தில் முறைகேடு என்று சொல்லி ஒருவர் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு என்ன உரிமை?

இதற்கு விடை தந்த வழக்கு 1962இல் தீர்ந்தது. உத்தரப் பிரதேசத்தில் இன்டர்மீடியட் தேர்வில் தேறிய மூன்று மாணவர்களின் முடிவைக் கல்வி வாரியம் பின்னர் ரத்துச் செய்தது. அடுத்த ஆண்டுத் தேர்வும் எழுதக் கூடாதென்றது. அவர்களை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்கள் விதியில் எழுதியிருக்கவில்லையே என்பது வாரியத்தின் வாதம். உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு மாணவனின் எதிர்காலத்தையே பாதிக்கக்கூடிய முடிவைச் செய்யும் குழு நீதிபதியைப் போல நடந்துகொள்ள வேண்டும். விதி வாய் திறவாவிட்டாலும் மாணவனின் வாயைத் திறக்க இடங்கொடுக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆனால் இந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. பீகாரில் ஒரு தேர்வு மையம் முழுவதிலுமே கூட்டாகக் காப்பியடித்தார்கள் என்று அம்மையத் தேர்வு ரத்தானபோது, ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே கேட்க வேண்டியதில்லை என்று 1970இல் உச்சநீதிமன்றம் கூறியது. 1973இல் ராஞ்சி மருத்துவக் கல்லூரி வழக்கு வந்தது. பெண்கள் விடுதிக்குள் இரவில் புகுந்து இழிவாக நடந்துகொண்ட மாணவர்கள் நீக்கப்பட்டனர். அம்மாணவியரை எங்கள் முன்னால் நிறுத்திக் குறுக்குவிசாரணை செய்ய விடவில்லையே என்று அவர்கள் முறையிட்டார்கள். சாட்சி சொன்ன பெண்களின் பாதுகாப்பைக் கருதி அவ்வாறு மறுத்தது சரியே என்றது நீதிமன்றம். இயற்கை நீதி எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டையன்று. குற்றம் இன்னது என்று சொல்லுதல், அதற்கு ஆதாரம் இன்னது என்று காட்டுதல், பதில் சொல்ல அவகாசம் தருதல், சார்பற்றவர் முடிவு செய்தல் ஆகிய நான்கும் அதன் உயிர்நிலை.

எனக்குத் தெரிந்த நம்மவர் ஒருவர் வேறோர் ஊரில் சட்டம் பயின்றார். அவர்மீது விடுதித் தகராறு ஒன்றில் விளக்கம் கோரும் அறிவிப்பு வந்தது. ‘ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர்’ என்ற ஒரே வரி, நாளுமில்லை, இடமுமில்லை. அவர் சினங்கொள்ளவில்லை, கூட்டம் சேர்க்கவுமில்லை. எந்த நாளில், எந்த இடத்தில், யாருடைய புகாரின்பேரில் என்று கேட்டு, புகாரின் நகலையும் ஏழு நாள் அவகாசத்தையும் கோரி எழுதினார். நகல் வந்தது. புகாரிலிருந்த நாளன்று அவர் ஊரிலேயே இல்லை. ரயில் சீட்டைக் காட்டினார், நடவடிக்கை நின்றது. அறையில் உடன் இருந்தவரோ ‘மன்னித்துவிடுங்கள்’ என்று எழுதிக்கொடுத்தால் முடிந்துவிடும் என்று எண்ணி எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு வரியே அவருக்கு எதிரான ஆதாரமாயிற்று. செய்யாததைச் செய்தேன் என்று எழுதுவது பணிவன்று. செய்திருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லித் தண்டனையைக் குறைக்கக் கேட்பதே மேல்.

மற்ற விதிகள்

ராகிங்கைப் பற்றி நம்மவருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் கொலையுண்ட கொடுமையை அடுத்து, 1997இல் தமிழ்நாடு தனிச்சட்டமே இயற்றியது. பின்னர் நாடு முழுமைக்கும் வழிவகை சொல்ல உச்சநீதிமன்றம் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆர். கே. ராகவன் அவர்கள். மானியக் குழுவின் ஒழுங்குமுறை 2009இல் வந்தது. விடுதியிலிருந்து நீக்குதல் முதல் சேர்க்கையை ரத்துச் செய்தல் வரை அதில் தண்டனை உண்டு. செய்தவர் இன்னார் என்று தெரியாவிட்டால் கூட்டாகவே தண்டிக்கலாம். ‘நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன்’ என்பது அங்கே காப்பாற்றாது.

கருத்துத் திருட்டு ஒழுங்குமுறை 2018இல் வந்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை பொறுக்கப்படும். 10க்கு மேல் 40 வரை எனில் திருத்தி ஆறு மாதத்துக்குள் தர வேண்டும். 60 வரை எனில் ஓராண்டுத் தடை. அதற்கும் மேலெனில் பதிவே ரத்து. வகுப்புக் கட்டுரைகள் இதில் அடங்கா. அவற்றுக்குக் கல்லூரியின் சொந்த விதி பொருந்தும். முதுகலைச் சட்டம் பயிலும் நண்பர்கள் இதை நினைவில் கொள்க.

மதிப்பெண்ணில் ஐயம் எழுந்தால் விடைத்தாளையே பார்க்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர் தம் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் உரிமையுடையவர் என்று 2011இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்முடையது மத்தியப் பல்கலைக்கழகம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான்.

முறையிட வேறு வழியும் உண்டு. 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாளுக்குள் தன் அறிக்கையைத் தர முயல வேண்டும். அதன் முடிவு திருப்தி தராவிட்டால் 15 நாளுக்குள் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர், முன்னாள் மாவட்ட நீதிபதி போன்றோர் அப்பொறுப்பில் இருப்பர். நேரே நீதிமன்றத்துக்கு ஓடுவதற்கு முன் இப்படிகளில் ஏறிப் பாருங்கள். செலவும் குறைவு, காலமும் குறைவு.

நாம் ஏன் இன்னும் கவனமாயிருக்க வேண்டும்?

பிற துறை மாணவர்க்குக் கல்லூரி முடிந்தால் கல்லூரி விதியும் முடிந்தது. நமக்கு அப்படியன்று. வழக்கறிஞர் சட்டத்தின் 24-அ பிரிவின்படி, ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. அத்தடை விடுதலைக்குப் பின்னும் ஈராண்டு நீடிக்கும். விடுதித் தகராறு காவல் நிலையம் வரை போனால், அதன் நிழல் கறுப்பு அங்கியின்மீதும் விழும். நம்மை நம்பி நிலத்தை அடகு வைத்து அனுப்பிய அப்பாவுக்கு அந்தச் செய்தியை எப்படிச் சொல்வது?

நண்பர்களே! விதி என்பது அதிகாரிகளின் கையிலுள்ள பிரம்பு என்று எண்ணுவதால்தான் நாம் அதைப் படிப்பதில்லை. மேலே கண்ட வழக்குகளை மறுபடி எண்ணிப் பாருங்கள். மாணவனைக் கட்டியதும் விதிதான். அவனைக் காத்ததும் விதிதான். விளக்கம் கேட்காமல் தண்டித்த வாரியத்தையும் அதே விதி கட்டியது. நாளை நாம் நீதிமன்றத்தில் நின்று, முறைப்படி நடத்துங்கள் என்று பிறருக்காகக் கேட்கப் போகிறவர்கள். அதை இன்று நமக்காகக் கேட்கத் தெரிந்துகொள்வோம். அப்படிக் கேட்பதற்கு நாமும் முறைப்படி நடந்திருக்க வேண்டும் என்பதை மறத்தலாகாது.

இந்த வாரமே பல்கலைக்கழகத்தின் விதித் தொகுப்பை எடுத்து, ஒழுங்கு பற்றிய பகுதியையும் தேர்வு பற்றிய பகுதியையும் படித்துவிடுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். புரியாத இடமிருந்தால் சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.