இரவல் வாகனமும் இடைநிறுத்திய அனுமதிப்பத்திரமும்

இரவல் கொடுப்பதும் இரவல் வாங்குவதும் நம்மூர் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கும் வழக்கங்கள். அண்டை வீட்டில் மண்வெட்டி கேட்போம்; கலியாண வீட்டுக்குச் சட்டி பானை கேட்போம்; வெள்ளாமைக் காலத்தில் உழவு இயந்திரத்தையே கேட்போம். அந்த வரிசையில் மோட்டார் சைக்கிளும் காரும் வானும் சேர்ந்து வெகு காலமாயிற்று. "காக்கா, சைக்கிளை ஒருக்காத் தாங்க, ஆசுபத்திரி வரைக்கும் போயிட்டு வாறன்" என்று வாசலில் வந்து நிற்கும் தம்பிக்கு இல்லையென்று சொல்லும் மனம் நம்மவரிடத்தில் அரிது. மண்வெட்டி உடைந்தால் புதிதொன்று வாங்கிக் கொடுத்துவிடலாம். இரவல் வாகனம் வீதியில் ஓர் உயிரை மோதி வீழ்த்தினால், அந்தக் கடனை எதைக் கொண்டு அடைப்பது? அதனை ஓட்டியவரின் சாரதி அனுமதிப்பத்திரம் அவ்வேளையில் நீதிமன்றத்தால் இடைநிறுத்தப்பட்டிருந்தால் நிலைமை யாதாகும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

கடல் கடந்து வாழும் உறவினர் இந்நாளில் பலருக்கும் உண்டு. அவர்களுள் அமெரிக்காவிலிருக்கும் ஒருவர், "எனக்குச் சொந்த வாகனமில்லை, ஆயினும் காப்புறுதி எடுத்தேன், இடைநிறுத்தியிருந்த அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைத்தது" என்று சொன்னால், அதனைக் கேட்கும் நமக்கு வியப்பாயிருக்கும். இங்கும் அவ்வாறு செய்தாலென்ன என்ற எண்ணமும் எழும். அவர் சொல்வது மெய்யே. ஆனால் அது அந்நாட்டுச் சட்டத்தின் மெய். அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

மோட்டார் வாகனங்கள் அமெரிக்க வீதிகளில் பெருகத் தொடங்கிய 1920ஆம் ஆண்டுகளில், விபத்தில் அடிபட்டோருக்கு ஈடு கொடுப்பது யார் என்ற கேள்வி பெரிதாயிற்று. அதற்கு இரண்டு வழிகள் கண்டனர். காப்புறுதியில்லாத வாகனத்தைப் பதிவு செய்வதில்லை என்று மசச்சூசெற்ஸ் மாநிலம் விதித்தது; 1927ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து அவ்விதி நடைமுறைக்கு வந்தது. கனெற்றிக்கட் மாநிலமோ 1925இல் வேறொரு சட்டம் செய்தது. எல்லோரையும் கட்டாயப்படுத்தாமல், வீதியில் தவறிழைத்தவர் மட்டும், இனி நேரக்கூடிய நட்டத்துக்கு ஈடு செலுத்தும் வல்லமை தமக்குண்டெனக் காட்ட வேண்டும் என்றது அச்சட்டம். இவ்வகைச் சட்டத்தைப் பொருட்பொறுப்புச் சட்டம் என்னலாம். இன்று அந்நாட்டு மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் காப்புறுதி கட்டாயமாகிவிட்ட போதிலும், பொருட்பொறுப்பைக் காட்டும் முறையும் உடன் நிலைத்திருக்கின்றது.

அம்முறை இயங்கும் விதம் இதுவாகும். குடித்துவிட்டு ஓட்டியமை, காப்புறுதியின்றி ஓட்டியமை போன்ற குற்றங்களுக்காக ஒருவரின் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படுகின்றது. அதனை மீளப் பெற விரும்பினால், காப்புறுதி நிறுவனமொன்று அவருக்காக மாநில அரசிடம் ஒரு சான்றிதழைச் சமர்ப்பிக்க வேண்டும். எஸ்.ஆர். 22 என்பது அதன் பெயர். பல மாநிலங்களில் மூன்றாண்டு காலம் அச்சான்றிதழ் தொடர்ந்திருத்தல் வேண்டும். சொந்த வாகனம் இல்லாதவர், வாகன உரிமையாளரல்லாதார் காப்புறுதி என்ற ஒன்றை வாங்கி அக்கடமையை நிறைவேற்றுகிறார். அது இரவல் வாகனத்தை அவர் ஓட்டுகையில் பிறருக்கு நேரும் தீங்குக்கு மட்டுமே ஈடு கொடுக்கும். இரவல் வாகனத்தின் சேதத்துக்குக் கொடாது. அவர் வீட்டிலேயே நிற்கும் வாகனத்துக்கும் அது பொதுவாகப் பொருந்தாது. கட்டணம் செலுத்தத் தவறினாலோ, நிறுவனம் உடனே அரசுக்கு அறிவிக்கும். அனுமதிப்பத்திரம் மறுபடியும் இடைநிறுத்தப்படும். சுருங்கச் சொன்னால், அங்கே காப்புறுதி அந்த மனிதருக்குப் பிணை நிற்கின்றது.

நம் நாட்டின் நெறி வேறு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், பிரித்தானியா 1930இல் மேற்கொண்ட நெறியைப் போன்றே, மூன்றாந் தரப்புக் காப்புறுதியின்றி எந்த மோட்டார் வாகனமும் வீதியில் ஓடலாகாது என்று விதிக்கின்றது. இங்கே காப்புறுதி வாகனத்தைச் சார்ந்து நிற்கின்றது. ஆண்டுதோறும் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் பெறச் செல்லும்போது கேட்கப்படும் பத்திரங்களுள் காப்புறுதிச் சான்றிதழும் ஒன்று என்பதை வாகனம் வைத்திருப்போர் அறிவர். ஆதலின், இடைநிறுத்திய அனுமதிப்பத்திரத்தைக் காப்புறுதி வாங்கி மீட்கும் வழி நம் சட்டத்தில் இல்லை. அப்படி மீட்டுத் தருவேன் என்று எவரேனும் பணம் கேட்டால், அவரை நம்பலாகாது.

இன்னுமொன்று உண்டு, அதுவே இப்பேச்சின் உயிர்நாடி. காப்புறுதியால் அனுமதிப்பத்திரத்தை மீட்க முடியாது. ஆனால் இடைநிறுத்திய அனுமதிப்பத்திரத்தால் காப்புறுதியைக் கெடுக்க முடியும். எங்ஙனமெனில், வாகனக் காப்புறுதிப் பத்திரங்களில் சாரதி பற்றிய வாசகம் ஒன்று வழக்கமாக இருக்கும். உரிமையாளரோ அவரது சம்மதத்துடன் வேறொருவரோ ஓட்டலாம். ஆனால் ஓட்டுபவர் உரிய அனுமதிப்பத்திரம் உடையவராகவும், அதனை வைத்திருக்கத் தடை செய்யப்படாதவராகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். இரவல் வாங்கி ஓட்டுபவரையும் பாதுகாப்பது இவ்வாசகமே. தடையிலிருப்பவரை வெளியே தள்ளுவதும் இவ்வாசகமே.

ஓர் எடுத்துக்காட்டை மனத்திற் கொள்வோம். மீன் லொறி ஓட்டிப் பிழைக்கும் ஒருவரின் அனுமதிப்பத்திரத்தை நீதிமன்றம் ஆறு மாதத்துக்கு இடைநிறுத்தியிருக்கின்றது. லொறியைத் தொடாமல் பொறுமையாகவே இருக்கிறார். ஒரு நாள் அவசரமென்று மச்சானின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு புறப்படுகிறார். பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் நெடுஞ்சாலை நம் கடைத்தெருக்களின் நடுவாகவே செல்கின்றது. அங்கே வீதியைக் கடக்கும் முதியவர் ஒருவரை மோதிவிடுகிறார். முதியவரின் கால் முறிகின்றது. மச்சான் காப்புறுதிக் கட்டணத்தை ஒழுங்காகச் செலுத்தியவரே. ஆயினும் ஓட்டியவர் தடையிலிருந்தமையால், பொறுப்பை மறுத்து வாதாடக் காப்புறுதி நிறுவனத்துக்கு இடமுண்டு. ஓட்டியவருக்கு எதிராக நட்டஈட்டுத் தீர்ப்புக் கிடைத்தால், அது அவருடைய வயலையோ தோணியையோ தேடி வரும். இரவல் கொடுத்தவரும் முற்றாகத் தப்புவதில்லை. காப்புறுதியின் பாதுகாப்பில்லாமல் ஒருவரை ஓட்டவிடுவதும் சட்டப்படி குற்றமே. உரிமையாளரின் காரியமாகவே அவர் அனுப்பப்பட்டிருந்தால், நட்டஈட்டுப் பொறுப்பும் உரிமையாளரின் தலையில் விழலாம்.

அடிபட்ட முதியவரின் பக்கமும் நின்று பார்த்தல் வேண்டும். கட்டாயக் காப்புறுதி என்ற ஏற்பாடு தோன்றியது வாகனம் வைத்திருப்பவருக்காக அன்று. வீதியில் நடந்து செல்பவருக்காகவே தோன்றியது. ஓட்டியவர் ஏழையென்ற காரணத்தால் அடிபட்டவர் வைத்தியச் செலவுக்கு வழியின்றி நிற்கக்கூடாது என்பதே அதன் நோக்கம். தடையிலிருப்பவர் வாகனத்தை எடுக்கும்போது, எதிரே வரும் முன்பின் அறியாத ஒருவரின் அந்தப் பாதுகாப்பையே குலைக்கிறார்.

அப்படியாயின், அனுமதிப்பத்திரத்தை மீளப் பெறும் நேர்வழி யாது? முதலில், நேர்ந்திருப்பது என்னவென்று தெளிதல் வேண்டும். சிறு குற்றங்களுக்காக வீதியில் பொலிஸார் அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு தண்டப் பத்திரம் கொடுப்பது ஒருவகை. அது இடைநிறுத்தம் அன்று. அப்பத்திரமே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதியாகப் பயன்படும். அந்நாட்களுக்குள் தண்டப்பணத்தைத் தபாற் கந்தோரில் செலுத்திப் பற்றுச்சீட்டைக் காட்டினால், அனுமதிப்பத்திரம் கைக்கு வரும். 14 நாட்கள் கழிந்தால் தண்டம் இருமடங்காகும். 28 நாட்களும் கழிந்தால் விடயம் நீதிமன்றத்துக்குப் போகும். சிறு தொகைதானே என்று அசட்டையாயிருந்து, நாள் கடந்தபின் அதே பத்திரத்தோடு ஓட்டுபவர் தம்மை அறியாமலே பெருங்குற்றத்துக்குள் கால் வைக்கிறார்.

நீதிமன்றம் குற்றவாளியெனக் கண்டு, குறித்த காலத்துக்கு இடைநிறுத்துவது இரண்டாம் வகை. இங்கே குறுக்குவழி இல்லை. தண்டத்தைச் செலுத்திக் காலம் முடியும்வரை காத்திருத்தல் வேண்டும். காலம் என்று தொடங்கி என்று முடிகிறதென்பதையும், அனுமதிப்பத்திரத்தை எங்கே மீளப் பெறுவதென்பதையும் நீதிமன்ற அலுவலகத்தில் அன்றே கேட்டு எழுதிக்கொள்வது நன்று. கட்டளையின் பிரதியொன்றும் கையிலிருக்கட்டும். அநீதி நேர்ந்ததென்று கருதுபவர் சட்டத்தரணி மூலம் மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் கால எல்லை உண்டாதலின் தாமதிக்கலாகாது. இரத்துச் செய்வது மூன்றாம் வகை. அது காலம் கழிந்தால் தானே திரும்பி வருவதன்று.

ஓட்டத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு ஆறு மாதம் என்பது நீண்ட காலம். அடுப்பெரிய வேண்டுமே என்ற கவலை நியாயமானது. லொறி முதலாளிகளுக்கு இங்கே ஒரு கடமையுண்டு. அனுபவமுள்ள சாரதியை அக்காலத்தில் சுமையேற்றவும் கணக்குப் பார்க்கவும் வைத்துக்கொண்டால், அவருடைய வீட்டிலும் அடுப்பெரியும். முதலாளியின் லொறியும் சட்டத்துக்குட்பட்டு ஓடும்.

இனி, இரவல் வாங்குவோரும் கொடுப்போரும் கவனிக்க வேண்டியவை சில. காப்புறுதிச் சான்றிதழின் திகதி கடந்துவிட்டதா என்று பாருங்கள். எந்தப் பயன்பாட்டுக்காகக் காப்புறுதி எடுக்கப்பட்டது என்றும் பாருங்கள். சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வானில், வெளிநாடு செல்வோரைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கூலி பேசி ஏற்றிச் சென்றால், அது பத்திரத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டதாகிவிடும். ஓப்பன் பேப்பரில் கைமாறிய வாகனமாயின் இரட்டைக் கவனம் வேண்டும். வாகனம் ஒருவர் கையிலும் காப்புறுதி முன்னையவர் பெயரிலும் இருப்பது சிக்கலுக்கு வித்தாகும். காப்புறுதியை எந்த நிறுவனத்தில் எடுப்பதென்பது அவரவர் விருப்பம். வட்டி கலந்ததென்று அஞ்சி வழமையான காப்புறுதியில் மனம் செல்லாதோருக்கு, தகாபுல் எனப்படும் கூட்டுப் பாதுகாப்பு முறையும் 1999இல் அமானா தகாபுல் தொடங்கிய காலம் முதல் இந்நாட்டில் உண்டு. எம்முறையாயினும் சட்டம் கேட்கும் சான்றிதழ் இருத்தல் வேண்டும்.

விபத்து நேர்ந்துவிட்டால், ஊர்ப் பெரியவர்களை வைத்துச் சமாதானம் பேசுவது நம்மிடையே நல்ல வழக்கம். ஆயினும் பொலிஸுக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்த பின்னரே தொகை பேசுதல் வேண்டும். நிறுவனத்தின் சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு வாக்குக் கொடுக்கலாகாது என்பது காப்புறுதிப் பத்திரங்களில் வழமையான நிபந்தனை. அடிபட்டவருக்கு முதலிற் செய்ய வேண்டியது வைத்தியமே. அதற்கு எவருடைய சம்மதமும் தேவையில்லை.

ஆதலால் நேயர்களே, தம்பி வாசலில் வந்து சாவியைக் கேட்கும்போது, "உன்னுடைய லைசன் கையிலிருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அது அவமதிப்பன்று. இல்லையென்றால் சாவியைக் கொடாதீர்கள். நீங்களே அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் வாருங்கள். உறவும் குறையாது, வீதியில் நடப்பவருக்கும் தீங்கில்லை.