புதிய வேரில் பழைய கொடி

1994 நவம்பர் 24. சிலி நாட்டின் மைப்போ பள்ளத்தாக்கில் ஒரு திராட்சைத் தோட்டம். நமக்கு அடைமழைக் காலம்; பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் கொடிகள் பூக்கும் பருவம். மாநாட்டுக்காகப் பிரான்ஸிலிருந்து வந்திருந்த ழான்-மிஷேல் பூர்சிகோ தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறார். இலையையும் பூவையும் வைத்தே திராட்சை இரகத்தைச் சொல்லிவிடும் நிபுணர் அவர். மெர்லோ என்று காட்டப்பட்ட கொடிகளில் பூவின் மகரந்தத் தாள்கள் முறுக்கிக்கொண்டு நின்றன. மெர்லோவில் அப்படி இருக்காது. இது கார்மெனேர் என்றார் பூர்சிகோ.

கார்மெனேர் பிரான்ஸின் போர்தோ பகுதியைச் சேர்ந்த பழைய இரகம். பிறந்த மண்ணில் அது நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏறக்குறைய மறைந்துவிட்டிருந்தது. காணாமல் போனது கடல் கடந்து வேறு பெயரில் பிழைத்துக் கிடந்திருக்கிறது!

ஒயின் வியாபாரத்தில் ஐரோப்பாவைப் பழைய உலகம் என்பார்கள். அமெரிக்கக் கண்டங்கள், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா எல்லாம் புதிய உலகம். புட்டியின் மேல் ஒட்டிய சீட்டிலேயே வித்தியாசம் தெரியும். பழைய உலகம் ஊர்ப்பெயரைச் சொல்லும். பத்தமடைப் பாய் வாங்குகிறவர் அது என்ன புல் என்று கேட்பதில்லை அல்லவா, அதுபோல. சாப்லி என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது ஷார்டனே திராட்சை என்பது குடிப்பவருக்கே தெரிந்திருக்க வேண்டும். எந்த ஊரில் எந்த இரகம், எவ்வளவு மகசூல் என்பதற்கெல்லாம் அங்கே சட்டம் உண்டு. புதிய உலகத்துக்கு அந்தப் பாரம்பரியமும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. அது பழத்தின் பெயரையே பெரிதாக அச்சடித்தது.

சுவையிலும் வித்தியாசம் சொல்வார்கள். வெயில் கூடினால் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அந்தச் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹால் ஆகிறது. ஆகவே புதிய உலக ஒயினில் பழ வாசமும் காரமும் தூக்கல், பழைய உலகத்தில் புளிப்பும் மண்வாசமும் என்பது பொதுப்பேச்சு. பழைய உலகத்துச் சிசிலியின் வெயிலும் புதிய உலகத்து டாஸ்மேனியாவின் குளிரும் இந்தப் பேச்சுக்கு அடங்குவதில்லை. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. பெயர் விஷயம்தான் சுவாரஸ்யம்: பழத்தின் பெயரைச் சொல்லி விற்ற சிலி, அந்தப் பெயரையே தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

தப்புக்கு மூலம் ஒரு பூச்சி. ஃபில்லாக்சரா என்று பெயர், நம் அசுவினிக்குத் தூரத்து உறவு, ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட நிச்சயமில்லை. பிறப்பிடம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. பாய்மரக் கப்பலின் நீண்ட பயணத்தில் அது செத்துப்போயிருக்கும். நீராவிக் கப்பல் வந்து பயண நாள் குறைந்ததும், அமெரிக்கக் கொடிகளோடு உயிருடன் ஐரோப்பாவில் இறங்கியது.

1860களில் தெற்குப் பிரான்ஸில் கொடிகள் காரணம் தெரியாமல் காய்ந்தன. செத்த கொடியைத் தோண்டினால் வேர் அழுகியிருக்கும், பூச்சி எதுவும் இருக்காது. 1868இல் மோன்பெலியே தாவரவியலாளர் பிளான்ஷோனும் கூட்டாளிகள் இருவரும், இன்னும் பச்சையாக நின்ற பக்கத்துக் கொடியைப் பிடுங்கிப் பார்த்தார்கள். வேர் முழுக்க மஞ்சள் பூச்சிகள். சாறு வற்றியதும் செத்த கொடியை விட்டு அடுத்த கொடிக்குக் குடிபெயர்ந்துவிடும் பூச்சி அது. வேரில் அது போட்ட காயத்தின் வழியே பூஞ்சை புகும். அழுகல் அங்கே தொடங்கும்.

1875இல் சுமார் 845 கோடி லிட்டராக இருந்த பிரான்ஸின் ஒயின் உற்பத்தி, 1889இல் 234 கோடி லிட்டராகச் சரிந்தது. மருந்து கண்டுபிடிப்பவருக்கு 3 லட்சம் பிராங்க் பரிசு என்றது அரசு. கொடிக்கு அடியில் தேரையைப் புதைத்துப் பார்த்தவர்களும் உண்டு. தோட்டத்தை நீரில் மூழ்கடித்தார்கள், மண்ணுக்குள் கார்பன் டைசல்பைடு செலுத்தினார்கள். பணக்காரத் தோட்டங்களுக்குத்தான் அது கட்டுப்படியானது.

தீர்வும் பூச்சியின் ஊரிலிருந்தே வந்தது. பூச்சியோடு சேர்ந்தே வளர்ந்த அமெரிக்கக் காட்டுத் திராட்சை, அது கடித்த இடத்தைச் சுற்றித் தக்கை போன்ற அடுக்கை வளர்த்து அழுகலைத் தடுத்துக்கொள்ளும். ஆனால் அதன் பழத்தில் செய்த ஒயின் பிரெஞ்சுக்காரர் நாக்குக்கு ஒத்துவரவில்லை. சரி, வேர் அமெரிக்காவுடையது, மேலே குச்சி பிரான்ஸுடையது என்று ஒட்டுக் கட்டினார்கள். நம்மூர் ஒட்டுமாங்கன்று சங்கதிதான். கெளரவப் பிரச்சினை இல்லாமலா? பிரான்ஸின் பர்கண்டி பகுதி 1887 வரை அமெரிக்கக் கொடியை உள்ளே விடவில்லை. கோன்யாக் பகுதியின் சுண்ணாம்பு மண்ணில் பிழைக்கும் வேரைத் தேடிக் கொடுத்தவர்களில் ஒருவர் டெக்சாஸ்காரரான மன்சன். 1888இல் பிரான்ஸ் அவருக்கு விருது கொடுத்தது.

மறுபடி நட்டபோது கார்மெனேரை யாரும் சீந்தவில்லை. குளிர்ந்த வசந்தத்தில் பூ உதிர்ந்துபோகும், பழுக்க நாளாகும். பொறுமை இல்லாத போர்தோ மெர்லோவுக்கு மாறியது.

ஆனால் சிலிக்கு 1850களிலேயே, பூச்சி வருமுன், போர்தோ குச்சிகள் போய்ச் சேர்ந்திருந்தன. வடக்கே அட்டகாமா பாலைவனம், கிழக்கே ஆண்டிஸ் மலை, மேற்கே பசிபிக். பூச்சி இன்றுவரை அங்கே காலூன்றவில்லை. மெர்லோவும் கார்மெனேரும் ஒரே தோட்டத்தில் கலந்து நின்றன. எல்லாவற்றையும் மெர்லோ பழுத்ததும் ஒன்றாகவே பறித்தார்கள். கார்மெனேர் பழுக்க இன்னும் சில வாரம் வேண்டும். அரைப்பழத்தில் பைரசின் என்ற சேர்மம் மிஞ்சும். குடைமிளகாயை நறுக்கினால் வரும் அதே வாசம். சிலி மெர்லோவில் அடித்த அந்தப் பச்சை வாசத்தை அந்த மண்ணின் குணம் என்றே நினைத்துக் குடித்தவர்கள் ஏராளம். பூர்சிகோ சொன்ன பிறகு கொடிகளைப் பிரித்து, காத்திருந்து பறிக்கத் தொடங்கினார்கள். 1998இல் சிலி அரசு கார்மெனேரைத் தனி இரகமாக ஏற்றது.

பூச்சி நுழையாத தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசாவிலும் 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் சொந்த வேரிலேயே இன்னும் காய்க்கின்றன. பிரான்ஸில் ஏறக்குறைய எல்லாக் கொடியும் அமெரிக்க வேரில் நிற்கிறது. நாசிக்கிலிருந்து நம் கடைகளுக்கு வரும் விதையில்லாத் திராட்சைக்கும் வறட்சியையும் உப்பையும் தாங்குவதற்காக டாக்ரிட்ஜ் என்ற வேரில்தான் பரவலாக ஒட்டுக் கட்டுகிறார்கள். டாக்ரிட்ஜின் பூர்வீகம் டெக்சாஸ்.