மண்ணில் இருக்கும் நீரும் பயிருக்குக் கிடைக்கும் நீரும்

மண்ணில் உள்ள ஈரம் முழுவதும் பயிருக்குச் சேருவதில்லை. நல்ல மழை ஓய்ந்ததும் மண்ணின் பெரிய துளைகளில் நிற்கும் நீர் கீழே வடிந்துவிடும். மணற்பாங்கான நிலத்தில் ஒரு நாளிலும், களிமண்ணில் இரண்டு மூன்று நாளிலும் இந்த வடிதல் அநேகமாக அடங்கிவிடும். அப்போது மண்ணில் தங்கியிருக்கும் நீரின் அளவே வயல் கொள்திறன். பிறகு வேர்கள் உறிஞ்ச உறிஞ்ச, மிச்ச நீர் நுண்ணிய துளைகளில் மட்டும் நிற்கிறது. துளை சிறுக்கச் சிறுக்க மண்ணின் பிடி இறுகும். அந்தப் பிடி ஏறத்தாழ 15 வளிமண்டல அழுத்தத்தை எட்டும்போது பெரும்பாலான பயிர்களால் அதற்கு மேல் இழுக்க முடியாது. இதற்கு நிரந்தர வாடல் நிலை என்று பெயர். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட நீர்தான் பயிருக்குரியது.

உச்சிவெயிலில் இலை தொங்குவதை இந்த வாடலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தச் செடி மாலையில் நிமிர்ந்துவிடும். இரவு முழுக்க ஈரக் காற்றில் வைத்திருந்தும் நிமிராத செடியே நிரந்தர வாடலைக் காட்டுவது. அமெரிக்காவில் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் ஆகிய இருவரும் பல வகைச் செடிகளை இப்படி வாடவிட்டுப் பார்த்து, 1912-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மண்ணில் வெவ்வேறு செடிகள் வாடும் ஈரநிலையில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அவர்கள் கண்டது. எல்லையை வகுப்பதில் செடியைவிட மண்ணுக்கே பங்கு அதிகம்.

ஒரு மீட்டர் ஆழத்தில் மணல் தரக்கூடிய நீர் சுமார் 50 முதல் 110 மி.மீ.; மணல் கலந்த வண்டலில் 110 முதல் 150; களிமண்ணில் 120 முதல் 200. களிமண் மொத்தத்தில் 350 மி.மீ.க்கு மேல்கூடப் பிடித்துவைக்கும். ஆனால் அதில் பாதிக்கு மேல் வேருக்கு எட்டாமலே போகலாம். காய்ந்து கிடக்கும் கரிசலில் ஒரு சிறு தூறல் விழுந்தால் பயிருக்கு ஏதும் மிஞ்சாததற்குக் காரணம் இதுவே: மண் முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அதே தூறல் செம்மணலில் விதையை முளைக்க வைத்துவிடும். உப்பு ஏறிய நிலத்தில் நிலைமை இன்னும் மோசம். மண்ணோடு உப்பும் நீரைப் பிடித்துக்கொள்வதால், ஈரம் கையில் தெரியும், பயிரோ வாடி நிற்கும்.

எப்போது பாய்ச்சுவது என்ற கணக்கில் வேர் ஆழமும் சேர்ந்தாக வேண்டும். வாடல் நிலை வரை காத்திருந்தால் விளைச்சல் போய்விடும். வெங்காயத்துக்குக் கிடைக்கும் நீரில் சுமார் 30 விழுக்காடு தீர்ந்ததுமே பாய்ச்ச வேண்டும்; பருத்தி 65 விழுக்காடு வரை தாங்கும். மீட்டருக்கு 120 மி.மீ. தரும் மண்ணில், 40 செ.மீ. வேர் விட்ட வெங்காயத்துக்குத் தாராளமாகக் கிடைப்பது சுமார் 14 மி.மீ. நாளுக்கு 5 மி.மீ. செலவானால் மூன்றாம் நாளே தண்ணீர் வேண்டும். மீட்டருக்கு 160 மி.மீ. தரும் கரிசலில் ஒரு மீட்டர் வேர் இறக்கிய பருத்தி, அதே செலவில் இருபது நாள் நிற்கும். எல்லாப் பயிருக்கும் ஒரே முறைநாள் வைத்துப் பாய்ச்சுவது ஏன் பொருந்தாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

காவிரிப் படுகையின் நெல் தரிசு உளுந்து மண்ணின் இந்த நீர்ச் சேமிப்பை நம்பியே விளைகிறது. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கையில் நிற்கும் நெல்லுக்குள் விதையைத் தெளிப்பார்கள். பதம் தப்பிச் சேறாக இருந்தால் விதை அழுகும், காய்ந்துவிட்டால் முளைக்காது. பிறகு சுமார் எழுபது நாள், பாசனம் இல்லாமல், மண்ணின் ஈரமும் பனியும்தான் பயிரை நடத்துகின்றன. நிலம் வெடிக்கத் தொடங்கினால் வெடிப்பின் சுவர்கள் வழியே அடிமண் ஈரமும் ஆவியாகிறது. வெடிப்பில் பிளந்து அறுந்த வேராலோ மீதியையும் எடுக்க முடியாது.

மேல்மண்ணின் நிறத்தை வைத்து ஈரத்தை முடிவு செய்வது ஏமாற்றும். வேர் மண்டலத்தின் நடு ஆழம் வரை தோண்டி, ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பார்க்க வேண்டும். வண்டலில் உருண்டை பிடித்து, தட்டினாலும் உடையாமல் நின்றால் இன்னும் இருப்பு உண்டு. உருண்டையே பிடிக்காமல் உதிர்ந்தால் பாய்ச்ச வேண்டிய நாள் கடந்துவிட்டது. மணலில் உருண்டை எப்போதுமே நொறுங்கும் என்பதால், அங்கே விரலில் ஒட்டும் ஈரத்தைத்தான் பார்க்க வேண்டும்.