ஐயமும் திரிபும்: சிறு றோபோக்கள் வழியறியும் வகை

பொருள்களை அறியும் அறிவு ஐயந்திரிபற்றதாய் இருத்தல் வேண்டும் என்பது நம் தருக்க நூலோர் வகுத்த நெறி. மாலை மங்கலில் தொலைவில் நிற்பது கட்டையோ ஆளோ எனத் துணியாது மயங்குதல் ஐயம். கிடக்கும் கயிற்றைப் பாம்பென்றே துணிந்துவிடுதல் திரிபு. இவை மனிதனுக்கு மட்டும் உரிய குறைகளல்ல. மாணவர் ஓய்வு வேளையில் அமைக்கும் சிறு றோபோக்களும் இவ்விரு குறைகளாலேயே வழி தவறுகின்றன. அவற்றுக்குக் கண்ணுங் காதுமாய் அமையும் உணரிகளுள் எதனை எவ்வளவு நம்பலாம், எதற்கு எவ்வளவு செலவிடலாம் என்பதை ஈண்டு ஆராய்வோம். இத்துறையிற் புகும் இளைஞர்க்கு ஆவல் பெரிது, கைப்பொருள் சிறிது. முதலில் வாங்கிய கருவி பொய் கூறக் கண்டு, விலையுயர்ந்த கருவி வாய்த்தாலன்றித் தம்மால் இயலாதென மனந்தளர்வோர் பலர். அத்தளர்ச்சிக்குக் காரணமில்லை என்பதே நாம் காட்ட விழைவது.

றோபோ என்னும் சொல், செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சப்பெக் 1920 ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடகமொன்றின் வாயிலாக உலக வழக்கிற்கு வந்தது. கட்டாய ஊழியம் என்பது அதன் வேர்ச்சொற் பொருள். இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில் கிறே வோல்ற்றர் என்னும் நரம்பியல் அறிஞர் 1948, 1949 ஆம் ஆண்டுகளில் ஆமை போன்ற இரு சிறு பொறிகளை அமைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒளியை உணருங் கண் ஒன்று, முட்டினால் அறியும் ஓடு ஒன்று, வால்வுகள் இரண்டு, அவ்வளவே. அவை விளக்கை நாடிச் சென்றன. தடையைத் தொட்டபோது விலகின. ஆயின், தாம் அறையின் எம்மூலையில் நிற்கின்றோம் என்பதை அவை அறியா. தடை விலகுதல் எளிது, இடமறிதல் அரிது. செலவும் சிக்கலும் தொடங்குவது இவ்விரண்டாவதிலேதான்.

இடமறிதற்கு மிக மலிவான வழி, சில்லுகளின் சுழற்சியை எண்ணுதல். தொடக்கநிலையிற் பெரிதும் வழங்கும் சில்லு 65 மில்லிமீற்றர் விட்டமுடையது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 204 மில்லிமீற்றர் ஓடும். இருபது துளையிட்ட தட்டொன்றை அச்சிற் பொருத்தி எண்ணினால், துளைக்கு ஒரு சதமமீற்றர் வீதம் தூரம் தெரியவரும். ஆனால், சில்லு வழுக்குவதை இவ்வெண்ணிக்கை அறியாது. சில்லுகளுக்கிடையே 15 சதமமீற்றர் இடைவெளியுள்ள வண்டியில் ஒரு சில்லு 5 மில்லிமீற்றர் வழுக்குமாயின், வண்டியின் முகம் ஏறத்தாழ இரண்டு பாகை திரும்பிவிடும். அதனை அறியாது 10 மீற்றர் ஓடினால், அது தான் நிற்பதாகக் கருதும் இடத்துக்கும் உண்மையில் நிற்கும் இடத்துக்கும் இடையே மூன்றிலொரு மீற்றர் வேற்றுமை உண்டாகும். இப்பிழை தானே தீர்வதன்று. ஓட ஓட வளர்வது.

திரும்பும் வேகத்தை அளக்கும் ஜைரோவும், ஆர்முடுகல்மானியும் ஒரே சிறு தகட்டில் அடங்கிச் சில டொலர்களுக்குக் கிடைக்கின்றன. ஜைரோ மேற்கூறிய வழுக்கலைக் காட்டிக்கொடுக்கும். எனினும், அசையாதிருக்கும்போதும் சிறிது திரும்புவதாகக் கூறும் இயல்பு அதற்குண்டு. நிமிடங்கள் செல்லச் செல்ல அச்சிறு பொய் பெரிதாகும். காந்தத் திசைகாட்டியால் அதனைத் திருத்தலாமெனின், வண்டியின் மோட்டார்க் காந்தமும் தரையினுள் இட்ட இரும்பும் அதனை மயக்குகின்றன.

இனி, தூரத்தை நேரே அளப்பவற்றைக் காண்போம். போலரோயிட் கம்பனி 1978 ஆம் ஆண்டில், செவிக்கெட்டாத கழியொலியால் தூரமறிந்து குவியஞ் செய்யும் கமராவை வெளியிட்டது. அக்கமராவின் ஒலியுணரியே பின்னர் றோபோ அமைப்போரின் கைக்கும் வந்தது. இன்று ஓரிரு டொலருக்கு விற்கும் கழியொலி உணரி, செக்கனுக்கு 40,000 அதிர்வுகளையுடைய ஒலியை அனுப்பி, எதிரொலி மீளும் நேரத்தைக் கொண்டு 2 சதமமீற்றர் முதல் 4 மீற்றர் வரை அளக்கின்றது. ஆயினும், அதன் ஒலி கூம்புபோல் விரிவதால் பொருள் எத்திசையில் உளதென்பது ஐயமாகின்றது. சாய்ந்த சுவர் ஒலியை வேறுபக்கம் செலுத்திவிடும். திரைச்சீலை அதனை விழுங்கிவிடும். மேலும், ஒலியின் வேகம் 20 பாகை வெப்பத்தில் செக்கனுக்கு 343 மீற்றர்; 30 பாகையில் 349 மீற்றர். இதனைக் கருதாத பொறி, 3 மீற்றர் தூரத்தில் 5 சதமமீற்றர் தவறும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகவே தவறும்.

ஒளி ஒலியினும் கூரியது. ஆனால், அளத்தற்கு அரியது. செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கில் அது 30 சதமமீற்றர் சென்றுவிடும். ஒரு சதமமீற்றர் நுட்பம் வேண்டின், அச்சிறு பங்கையும் பதினைந்தாக வகுத்து அளத்தல் வேண்டும். லேசர் அளவைக் கருவிகள் நெடுங்காலம் ஆயிரக்கணக்கான டொலர் விலை பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணம். ஓட்டுநரில்லா மோட்டார் வண்டிகளுக்கென வந்த 64 கதிர்க் கருவியொன்று ஏறத்தாழ 75,000 டொலருக்கு விற்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டில் 399 டொலருக்கு வெளிவந்த வீடு துப்புரவாக்கும் பொறியொன்று, தன்னகத்தே சுழலும் லேசர் உணரியையும் கொண்டிருந்தது. அது நேரத்தை அளக்காமல், ஒளிப்புள்ளி தோன்றும் கோணத்தை அளந்து முக்கோண முறையால் தூரங் கண்டது. ஆர்வலர் அவ்வுணரியைக் கழற்றித் தம் பொறிகளிற் பூட்டினர். அவ்வகை உணரிகள் இன்று நூறு டொலர் அளவிற் கிடைக்கின்றன. தூரம் இருமடங்கானால் பிழை நான்கு மடங்காதல் இம்முறையின் குறை.

உணரியின் விலை மட்டுமே செலவன்று. 10 மீற்றர் நீள அகலமுள்ள மண்டபத்தை 5 சதமமீற்றர்க் கட்டங்களாகப் பிரித்தால் 40,000 கட்டங்கள் உளவாகும். மாணவர் பெரிதும் கையாளும் ஆர்டுயீனோ யூனோ கணினித் தகட்டின் தற்காலிக நினைவகமோ 2,048 பைற்றுகளே. ஆகவே, லேசர் வாங்கியவன் பெரிய கணினியும், அதற்கேற்ற மின்கலமும், அவற்றைச் சுமக்கும் வண்டியும் வாங்க நேரும்.

இத்துணைப் பொருள் செலவிட்டும் திரிபு நீங்குமோவெனின், நீங்காது. லேசர்க் கதிர் கண்ணாடிக் கதவை ஊடுருவிச் செல்லும்; மூடிய கதவு திறந்த வாயிலாகத் தோன்றும். 2010 ஆம் ஆண்டில் 150 டொலருக்கு வந்து ஆர்வலரை மகிழ்வித்த கினெக்ற் கமரா, கண்ணுக்குத் தோன்றா ஒளிப்புள்ளிகளை வீசி ஆழத்தை அறிந்தது. வெயிலில் அப்புள்ளிகள் மறைந்தொழிந்தன. செய்மதி வழி இடமறியும் கருவி திறந்த வெளியில் சில மீற்றர் நுட்பந் தரும். வீட்டினுள் அது பெரும்பாலும் பயன்படாது. நிலையான துணைநிலையத்தின் திருத்தம் பெற்றுச் சதமமீற்றர் வரை அறியும் வகை, முன்னர் ஆயிரக்கணக்கான டொலராயிருந்து இன்று சில நூறு டொலராகியுள்ளது. எனினும், அதற்கும் திறந்த வானம் வேண்டும்.

ஆகவே, விலை ஐயத்தைக் குறைக்கும். திரிபைத் தானாகப் போக்காது. ஐயத்தை மலிவாகவும் குறைக்கலாம்: நூறு முறை அளந்து சராசரி கண்டால் அது பத்திலொன்றாகும். திரிபோ ஆயிரம் முறை அளப்பினும் அவ்வாறே நிற்கும். கயிற்றைப் பாம்பென்ற கண்ணுக்கு, விளக்கோ தடியோ துணை வேண்டும். அங்ஙனமே, ஒரு சாட்சியின் குறையை வேறினத்துச் சாட்சியே திருத்தும். கண்ணாடியைக் காணாத லேசருக்கு முட்டினால் அறியும் ஆளி துணை. நெடுநேரத்திற் பிழைக்கும் ஜைரோவுக்கு, சுவரை அளக்கும் கழியொலி துணை. ஒவ்வொரு சாட்சியையும் அதன் நம்பகத்துக்கேற்ப நிறுத்துச் சேர்க்குங் கணித முறையொன்றை றுடோல்வ் கல்மன் 1960 ஆம் ஆண்டில் வெளியிட்டார். சந்திரனை நோக்கிச் சென்ற அப்பொலோ விண்கலங்களும் அம்முறையைக் கொண்டே வழியறிந்தன.

எனவே, வேலையை முதலில் தெளிந்து, பின்னரே உணரியைத் தெரிதல் வேண்டும். 2002 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 200 டொலருக்கு வந்த றூம்பா துப்புரவுப் பொறி வரைபடம் எதனையும் வைத்திருக்கவில்லை. முட்டுதலையும் படி விளிம்பையும் அறிந்து, பலவாறு திரிந்தே அறையைத் துடைத்தது. அவ்வேலைக்கு அது போதும். கற்கப் புகுவோர் முட்டு ஆளிகள், சில்லெண்ணிகள், ஜைரோத் தகடு, கழியொலி உணரி இரண்டு என்பவற்றோடு தொடங்கலாம். இவை ஏறத்தாழ இருபது டொலருக்குள் அடங்கும். வரைபடம் இன்றியமையாததாகும் வேளையில் லேசரை நாடலாம்.

அதற்கு முன், ஒரு வெண்கட்டி மட்டுமே வேண்டும் சோதனையொன்றுண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் பொறென்ஸ்ரைன், வெங் என்போர் 1990 களில் இதனை ஒழுங்குபடுத்திக் கூறினர். தரையிற் சதுரமொன்று வரைந்து, வண்டியை வலமாக ஐந்து முறையும் இடமாக ஐந்து முறையும் சுற்றவிட்டு, அது வந்து நிற்கும் இடங்களைப் புள்ளியிடுக. ஒவ்வொரு திசைக்குமுரிய புள்ளிகள் தம்முள் சிதறிக் கிடக்கும் அளவே ஐயம். அப்புள்ளிகளின் நடுவிடம் தொடக்க இடத்திலிருந்து விலகி நிற்கும் அளவே திரிபு. இரு திசையிலும் ஓட்டுவதால், சில்லுகளின் அளவு வேற்றுமையால் வந்த திரிபையும், அவற்றின் இடைவெளியைத் தவறாகக் கொண்டதால் வந்த திரிபையும் பிரித்தறியலாம். அறிந்த திரிபைக் கணக்கிற் கழித்துவிடலாம். தன் கருவி எவ்வளவு பொய் கூறும் என்பதை இவ்வாறு அளந்தறிந்த மாணவன், மலிவான உணரிகளைக் கொண்டே வெகுதூரம் செல்வான்.