பொதிப் பராமரிப்பும் பதிப்பு நெறியும்: டெபியன் இயங்குதளத்தை முன்வைத்து

முன்னுரை

கணினியில் ஒரு மென்பொருளை நிறுவுவதற்கு இன்று ஓர் ஆணையை இட்டுச் சில நொடிகள் காத்திருந்தால் போதும். ஆயினும் அம்மென்பொருளை எழுதியவர் ஒருவர். அதனை நம் இயங்குதளத்திற்கு ஏற்பத் தொகுத்துத் தருபவர் பெரும்பாலும் மற்றொருவர். இவ்விரண்டாமவரைப் பொதிப் பராமரிப்பாளர் என்பர். அவருடைய பணி யாது, அதில் நேரும் பிழை எத்தகைய விளைவைத் தரும் என்பவற்றை டெபியன் இயங்குதளத்தை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பிறர் ஆக்கத்தைப் பிழையறப் பயனர் கையில் சேர்க்கும் இப்பணி, சுவடிகளை ஒப்புநோக்கி நூல் பதிப்பிக்கும் பணியை ஒத்தது. ஆகவே தமிழாய்வாளர்க்கு இது முற்றிலும் அயலான பொருளன்று.

பொதியும் பராமரிப்பாளரும்

டெபியன் திட்டத்தை இயன் மர்டாக் 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கினார். 2025 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 13ஆம் பதிப்பில் 69,000க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை டெபியன் திட்டத்தினர் எழுதியவை அல்ல. உலகின் பல பகுதிகளில் உள்ளோர் எழுதி, மூலநிரலோடு வெளியிட்டவை. அவற்றைத் தேர்ந்து, தொகுத்து, பேணி வருவோர் தன்னார்வலர்.

பொதி என்பது மென்பொருளை மட்டும் கொண்டதன்று. அது இயங்குவதற்கு வேறு எவ்வெப் பொதிகள் தேவை, அவற்றின் எப்பதிப்பு தேவை, கோப்புகள் எங்கே அமைய வேண்டும், உரிம விதிகள் யாவை என்னும் குறிப்புகளும் அதனுள் அடங்கும். பதிப்பெண்ணிலும் இவ்விரு பணிகளின் எல்லை தெரியும். ஒரு பொதியின் எண் 5.4.1-2 எனில், இடைக்கோட்டிற்கு முன்னுள்ளது மூல ஆசிரியர் இட்ட எண். பின்னுள்ளது பராமரிப்பாளர் இட்ட எண். நிரல் மாறாது தொகுப்பு முறை மட்டும் திருந்தினால் பின்னெண்ணே உயரும்.

புதுப்பித்தலின் படிநிலைகள்

மூல ஆசிரியர் புதிய பதிப்பை வெளியிட்டதும் பராமரிப்பாளர் அதனைப் பெற்று, முன்பு தாம் செய்த திருத்தங்கள் இன்னும் தேவையா எனப் பார்க்கிறார். சிலவற்றை மூல ஆசிரியரே ஏற்றுக்கொண்டிருப்பார், அவற்றை நீக்கிவிடலாம். சில புதிய நிரலோடு பொருந்தாமற் போகும். அவற்றை மீண்டும் எழுத வேண்டும். பின்னர்ப் பொதியைக் கட்டமைத்துச் சோதித்து, ‘நிலையற்றது’ எனப்படும் கிளையில் ஏற்றுகிறார். பெரும்பிழை ஏதும் தென்படாவிடில், பொதுவாக 2 முதல் 10 நாள்களில் அது ‘சோதனை’க் கிளைக்குச் செல்லும். ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை சோதனைக் கிளை முதிர்ந்து ‘நிலையான’ பதிப்பாகிறது.

நிலையான பதிப்பு வெளிவந்தபின் நெறி மாறுகிறது. அதன் பிறகு பொதுவாகப் புதிய வசதிகள் சேர்க்கப்படுவதில்லை. பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டால், அக்குறையைக் களையும் வரிகளை மட்டும் பழைய பதிப்பிற்குள் பொருத்துவதே வழக்கம். எனவே எண்ணைக் கொண்டு ‘இது பழைய பதிப்பு, ஆகவே பாதுகாப்பற்றது’ என முடிவுசெய்தல் தவறாகும்.

ஒரு திருத்தத்தின் விளைவு

பராமரிப்பாளர் மூலநிரலைத் திருத்தலாமா? திருத்தலாம், உரிமம் அதற்கு இடந்தருகிறது. ஆனால் 2006இல் நிகழ்ந்த ஒன்று அவ்வுரிமையின் எல்லையை உணர்த்தியது. இணையத்தில் மறையாக்கத்திற்குப் பயன்படும் ஓப்பன்-எஸ்.எஸ்.எல். நிரலை ஆய்ந்த சோதனைக் கருவி, தொடக்க மதிப்பு இடப்படாத நினைவகப் பகுதி பயன்படுத்தப்படுவதாக எச்சரித்தது. டெபியன் தரப்பில் அவ்வெச்சரிக்கைக்குக் காரணமான வரிகள் நீக்கப்பட்டன. நீக்குமுன் மூலத் திட்டத்தாரின் மடற்குழுவில் வினவவும் செய்தனர். எனினும், நீக்கப்பட்டவற்றுள் ஒரு வரி, கணிக்க இயலாத எண்களை ஆக்குவதற்கு இன்றியமையாதது என்பது உணரப்படவில்லை.

அதன்பின் மறைசாவி ஆக்கத்தில் மாறுபாட்டிற்கு எஞ்சியது, இயங்கும் செயலுக்குக் கணினி இடும் வரிசை எண் ஒன்றே. அது வழக்கமாக 32,768க்கு மேற்செல்வதில்லை. எண்ணித் தீராதனவாய் இருக்க வேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் சில பதினாயிரமாகச் சுருங்கின. 2008 மே 13 அன்று இக்குறை அறிவிக்கப்படும்வரை ஏறத்தாழ இருபது மாதங்கள் இந்நிலை நீடித்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவிலும் இது பரவியிருந்தது. பொதியைப் புதுப்பித்தல் மட்டும் போதவில்லை. அக்காலத்தில் ஆக்கிய சாவிகள் அனைத்தையும் கைவிட்டுப் புதியன ஆக்க வேண்டியதாயிற்று.

சுவடியில் பொருள் விளங்காத தொடரைப் பிழையெனக் கருதி நீக்கும் பதிப்பாசிரியரின் நிலையை இது நினைவூட்டுகிறது. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த நெறியை நாம் போற்றுவதற்குக் காரணம், அவர் பல பிரதிகளை ஒப்பிட்டமையே. டெபியனிலும் பின்னாளில் இத்தகைய ஒழுங்கு வலுப்பெற்றது. மூல ஆசிரியரின் தொகுப்பு தீண்டப்படாமல் ஒருபுறம் வைக்கப்பட, திருத்தங்கள் தனித்தனிக் கோப்புகளாக, காரணக் குறிப்புடன் மறுபுறம் வைக்கப்படும் முறை இன்று பரவலாக உள்ளது. எது மூலம், எது திருத்தம் என்பதை எவரும் பிரித்தறியலாம்.

மூலமே பழுதாயின்

2024 மார்ச்சு 29 அன்று வெளியான செய்தி இதற்கு மறுதலையானது. எக்ஸ்.இசட். என்னும் சுருக்க நிரலைப் பல்லாண்டு தனியொருவரே பேணி வந்தார். அவருக்கு உதவ வந்த ஒருவர் ஈராண்டுக்கும் மேலாக நம்பிக்கையை வளர்த்துப் பொறுப்பேற்று, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழி ஒன்றைப் புகுத்தினார். தொலைநுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதால் ஆண்ட்ரெஸ் பிராயண்டு என்னும் பொறியாளர் அதனைக் கண்டறிந்தார். டெபியனின் நிலையற்ற, சோதனைக் கிளைகளை அடைந்திருந்த அது, நிலையான பதிப்பை எட்டவில்லை. காத்திருக்கும் நெறி காலவிரயம் அன்று என்பதற்கு இது சான்று. ஒரே தோளில் பெருஞ்சுமையை ஏற்றுவதன் இடரையும் இது காட்டியது.

தமிழ்ப் பொதிகளும் நம் பங்கும்

டெபியனில் லோகித் தமிழ் எழுத்துருவும், அச்சிட்ட பக்கத்தை எழுத்தாக மாற்றும் டெசராக்டு நிரலுக்கான தமிழ்த் தரவும் பொதிகளாகக் கிடைக்கின்றன. பேணுவோர் விலகினால் ஒரு பொதி ‘ஆதரவற்றது’ எனப் பட்டியலிடப்படும். பெரும்பிழை தீர்க்கப்படாது கிடந்தால் அடுத்த பதிப்பில் இடம்பெறாமலே போகலாம்.

நிரல் எழுத அறியாதவரும் இங்கு உதவ இயலும். ‘கொ’ என்னும் எழுத்தின் கொம்பும் காலும் இடம்பிறழ்ந்து தோன்றினால், அதனைத் தவறென்று அறியத் தமிழறிவே வேண்டும். பொதியின் பெயர், பதிப்பெண், தட்டச்சிட்ட சொல், தோன்றிய வடிவம், தோன்ற வேண்டிய வடிவம் ஆகிய ஐந்தையும் குறித்துப் பிழையறிக்கை அனுப்பினால் பராமரிப்பாளர் அதனை ஆய்ந்து மூல ஆசிரியர்க்கும் தெரிவிப்பார். இப்பயிற்சியை மாணவர்க்கு அளித்தல் தமிழாசிரியர்க்கு அரிதன்று.

முடிவுரை

பொதிப் பராமரிப்பு என்பது புதியதை விரைந்து ஏற்றும் பணியன்று. எதனை, எப்பொழுது, எவ்வளவு மாற்றலாம் எனத் தேரும் பணியாகும். திருத்துவோர் காரணத்தைப் பதிவுசெய்தலும், திருத்தத்தை மூல ஆசிரியரிடம் சேர்த்தலும், பலர் கண்பார்வைக்கு உட்படுத்தலும் அதன் அடிப்படைகள். பதிப்புத் துறையில் நாம் அறிந்த நெறிகளே இவை. அவ்வறிவைத் தமிழ்க் கணிமைக்கும் பயன்படுத்துதல் நம் கடமையாகும்.