பிறந்த ஊரா, பிழைத்த ஊரா?

(நமது வல்லார்பாடம் நிருபர்)

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய தமிழர் இருவர் கொச்சியில் எங்கே சந்தித்தாலும், குசலம் விசாரித்து முடிந்ததும் பேச்சு ஓரிடத்தில் வந்து நிற்கிறது. "ரிட்டயர் ஆனபிறகு எங்கே? ஊருக்கா, இங்கேயேவா?" துறைமுகத்துக் குமாஸ்தா இதைக் கேட்கிறார். கன்டெய்னர் லாரி ஓட்டும் தூத்துக்குடிக்காரர் கேட்கிறார். வாத்துருத்தியில் வாடகை அறையில் இருபது வருஷம் கழித்த கொத்தனாரும் கேட்கிறார். பதில்தான் யாரிடமும் சட்டென்று இருப்பதில்லை.

வல்லார்பாடம் தீவில் நின்று யோசித்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கும்வரை இங்கிருந்து எறணாகுளத்துக்குப் படகுதான். 2011 பிப்ரவரியில் கன்டெய்னர் முனையம் வந்தது. இடப்பள்ளியிலிருந்து வேம்பநாட்டுக் காயலின்மேல் 4.62 கிலோமீட்டர் பாலம் போட்டு சரக்கு ரயில் பாதையும் வந்தது. இந்தப் பாதைக்கும் சாலைக்கும் நிலம் எடுத்தபோது மூலம்பிள்ளி முதலிய ஊர்களில் 316 குடும்பங்கள் இடம் இழந்தன. 2008-ல் மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டதைக் கொச்சி மறக்கவில்லை. அவர்கள் பிழைக்க வந்தவர்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் வாழ்ந்தவர்கள். ஆகவே ‘சொந்த ஊர்’ என்ற சொல்லை நாமும் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கவேண்டும்.

மட்டாஞ்சேரி சொல்லும் பாடம்

காயலுக்கு அக்கரையில் இருக்கிறது மட்டாஞ்சேரி. அங்குள்ள யூதர் தெருவின் பரதேசி ஜெபாலயம் 1568-ல் கட்டப்பட்டது. எருசலேமுக்குத் திரும்பவேண்டும் என்று நூற்றாண்டுக் கணக்கில் தினமும் பிரார்த்தித்தவர்கள் கொச்சி யூதர்கள். 1948-ல் இஸ்ரேல் அமைந்தபிறகு, 1950-களில் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டுப் போனார்கள். போன இடத்தில் சிலருக்குக் கிடைத்தது பேர்ஷேபா நகருக்கு அருகே நெவாத்திம் என்ற வறண்ட பூமி. காயலும் தென்னையும் பார்த்து வளர்ந்த கண்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் பாடுபட்டு விவசாயம் செய்தார்கள், பூ வளர்த்தார்கள், ஊன்றிவிட்டார்கள். அவர்களுடைய பெண்கள் பாடிய பழைய பாட்டுகள் மட்டும் மலையாளத்திலேயே இருந்தன.

போகாமல் தங்கியவர்களும் உண்டு. யூதர் தெருவில் கைத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் அம்மையார் 2019 ஆகஸ்டில் தமது 96-வது வயதில் இங்கேயே காலமானார். உறவும் இனமும் கடல் கடந்து போய்விட்ட நிலையில், முதுமையில் அவரைத் தாயாகப் பாவித்துப் பார்த்துக்கொண்டவர் அதே தெருவில் கடை நடத்திய ஒரு முஸ்லிம் அன்பர்.

ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் துணி வெளுக்கும் நம்மவர்களையும் பாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. இன்றும் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ‘ஊருக்குப் போவதா’ என்ற கேள்வி அவர்களுக்கு எப்போதோ முடிந்துபோனது. இதுதான் அவர்கள் ஊர்.

மலாயா பென்ஷன்காரர்கள்

குமாஸ்தா உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. மலாயாவில் முதல் ரயில் 1885-ல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது. அதைத் தொடர்ந்து வளர்ந்த ரயில்வேக்கு ஆங்கிலம் படித்த ஆட்கள் வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து வாலிபர்கள் குமாஸ்தாக்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கப்பலேறினார்கள். கோலாலம்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழ்ப் பேட்டையாகவே ஆயிற்று.

வேலை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். பென்ஷன் மாதாமாதம் அங்கிருந்து வந்தது. கல்வீடு கட்டினார்கள், கோயில் திருப்பணி செய்தார்கள், பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தார்கள். ‘மலாயா பென்ஷன்காரர்’ என்றால் ஊரில் தனி மதிப்பு. அந்த நாளில் பார்த்தவர்கள், திரும்பியவர்தான் புத்திசாலி என்று சொல்லியிருப்பார்கள். அதற்கேற்ப, மலாயாவிலேயே தங்கியவர்கள் தலையில் 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்து இறங்கினர். 1942-43-ல் போடப்பட்ட சயாம்-பர்மா ரயில் பாதையில் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள்.

ஆனால் காலம் திரும்பியது. 1983-க்குப் பிறகு இலங்கையில் யுத்தம். 1995 அக்டோபர் 30-ந் தேதி இரவு, வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு நடந்தார்கள். பென்ஷன் பணத்தில் கட்டிய கல்வீடுகளும் அதில் அடக்கம். மலாயாவில் நிலைத்தவர்களின் பிள்ளைகளோ டாக்டர்களாகவும் வக்கீல்களாகவும் இருந்தார்கள். எந்த ஊர் எப்போது என்ன ஆகும் என்று அறுபது வயதில் யாராலும் கணக்குப் போட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அங்கேயே தங்கியும் சிரமப்பட்டவர்கள் உண்டு. 1957-ல் மலாயா சுதந்திரம் அடைந்தபோது, ‘இன்னும் நாலு வருஷத்தில் ஊருக்குப் போய்விடுவோமே’ என்று குடியுரிமைக்கு மனுப்போடாமல் விட்ட தோட்டத் தொழிலாளர்கள் பலர். நாலு வருஷம் நாற்பது வருஷமாயிற்று. சிவப்பு அடையாள அட்டையுடன், அந்த நாட்டில் இருந்துகொண்டே அந்நியராகக் கிழடு தட்டிப் போனார்கள். மனம் ஊரில், உடல் வேறிடத்தில் என்று முடிவெடுக்காமலே காலத்தைத் தள்ளியதால் வந்த வினை இது.

புனலூரில் இறங்கியவர்கள்

1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து வந்தார்கள். ‘தாயகம் திரும்பியோர்’ என்று சர்க்கார் பெயர் வைத்தது. தாயகத்திலோ ஜனங்கள் ‘சிலோன்காரர்’ என்றார்கள். பலருக்கு அது தாத்தா விட்டுப்போன கிராமம். அங்கே வீடும் இல்லை, வயலும் இல்லை. முகம் தெரிந்த உறவும் அபூர்வம்.

அவர்களில் ஒரு பகுதியினர் நமது கேரளத்திலேயே இருக்கிறார்கள். புனலூரைத் தலைமையிடமாகக் கொண்ட மறுவாழ்வுத் தோட்டக் கழகம் 1976-ல் அமைக்கப்பட்டது. குளத்துப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர் தோட்டங்களில் வேலை கொடுக்கப்பட்டது. தேயிலை பறித்த கை ரப்பர் வெட்டக் கற்றுக்கொண்டது. பக்கத்தில் வேலை, தலைக்கு மேல் கூரை, கூடவே கப்பலில் வந்த அதே ஜனங்கள் ஆகிய மூன்றும் கிடைத்த இடம் அவர்களுக்கு ஊரானது.

கணக்கும் பார்க்கவேண்டும்

இனி நம் விஷயத்துக்கு வருவோம். ஊரா, கொச்சியா என்பதில் மனசு ஒரு பக்கம் இருந்தாலும், தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காரவேண்டிய சங்கதிகள் சில உண்டு.

பென்ஷன் எங்கே வாங்குவது என்பது இன்று பெரிய பிரச்னை அல்ல. பிராவிடண்ட் ஃபண்டு பென்ஷன்காரர்கள் 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பணம் எடுக்கலாம். உயிர்ச் சான்றை 2014 நவம்பரில் வந்த ‘ஜீவன் பிரமாண்’ முறையில் இருந்த இடத்திலிருந்தே கொடுக்கலாம். ரயில்வே ஊழியர்கள் வீடு மாறிப் போவதாக இருந்தால், சாமான் கொண்டுபோகும் பாஸையும் குடிமாறும் மானியத்தையும் காலக்கெடுவுக்குள் கேட்டு வாங்கவேண்டும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டு இழந்தவர்கள் எல்லா ஆபீஸிலும் உண்டு.

பென்ஷன் இல்லாத கூலித் தொழிலாளருக்குத்தான் கணக்கு கடினம். மாநில முதியோர் உதவித்தொகையைத் தமிழகம் 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தியது. கேரளம் 1,600 ரூபாயை 2025 நவம்பரில் 2,000 ஆக்கியது. அந்தந்த மாநிலத்தில் குடியிருப்புச் சான்று இல்லாதவருக்கு எதுவும் கிடையாது. ரேஷனிலும் அப்படியே. ‘ஒரே நாடு, ஒரே ரேஷன்’ திட்டத்தில் 2020-ல் இரு மாநிலங்களும் சேர்ந்தன. ஆனால் அது முன்னுரிமை அட்டைக்காரர்களின் தானியத்துக்கு மட்டுமே செல்லும். தமிழ்நாட்டு அட்டையின் பருப்பும் எண்ணெயும் கொச்சிக் கடையில் வராது. முப்பது வருஷம் இங்கே உழைத்தும் அட்டை அங்கே, ஓட்டு அங்கே, உடல் இங்கே என்று இருப்பவர்கள் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தவர்கள்.

வைத்தியம் அடுத்தது. அறுபதுக்கு மேல் இதுதான் முதல் கணக்கு என்றுகூடச் சொல்லலாம். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. கேரளம் 2008-லேயே படுக்கையில் விழுந்த நோயாளிகளுக்கான கொள்கையை வகுத்தது. பஞ்சாயத்து ஏற்பாட்டில் நர்ஸ் வீட்டுக்கே வந்து புண்ணைக் கழுவிக் கட்டுகிறார். நடமாடும் காலத்துக்கும் படுத்த காலத்துக்கும் தேவை வேறு வேறு. நீங்கள் போகும் கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரி எத்தனை மைல், ராத்திரி வண்டி கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மழையையும் மறக்கவேண்டாம். கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. தூத்துக்குடியில் அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. மூட்டுவலிக்காரருக்கு இங்கே ஆனி, ஆடி பொல்லாதது. அங்கேயோ சித்திரை வெயிலும் தண்ணீர்க் குடமும்.

வீட்டில் கேட்டீர்களா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் ஆண்களே பேசுகிறோம். ஊர் என்றதும் நமக்கு ஆற்றங்கரையும் கோயில் கொடையும் நினைவு வருகிறது. மனைவிக்கு அது மாமியார் ஊர். முப்பது வருஷமாகப் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் மாவுக்குப் பாத்திரம் கொடுத்து, மீனுக்குப் பேரம் பேசி, தானே கட்டிய உலகத்தை விட்டு அவர் வரவேண்டும். பிள்ளைகள் மலையாளத்தில் படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், தமிழ்ப் பேப்பரை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். அவர்களுக்கு வேலையும் இங்கே, சம்பந்தமும் இங்கே என்றால், ஊரில் கட்டிய வீட்டில் இருவர் மட்டும் இருப்பீர்கள். பிறகு ஒருவர் மட்டும்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். லீவில் பத்து நாள் போகும்போது நாம் விருந்தாளி. அண்ணன் தம்பி வீட்டில் தலைவாழை இலை. நிரந்தரமாகப் போனால் பங்காளி. கிணற்றுப் பங்கு, சந்துப் பாதை, பட்டாவில் பெயர் ஆகிய எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடுவது உறவுக்கும் நல்லது.

அவசரம் வேண்டாம்

இதற்கெல்லாம் ஒரே பதில் கிடையாது. ஆனால் மலாயா பென்ஷன்காரருக்குக் கிடைக்காத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. அவருக்கு ஊர் கடல் கடந்த தூரம், போனால் போனதுதான். நமக்கு ஒரு ராத்திரி. புனலூர் - செங்கோட்டைப் பாதை 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தது. எறணாகுளம் வழியாக ஓடும் பாலருவி எக்ஸ்பிரஸ் அந்த ஆண்டு திருநெல்வேலிவரையும், 2024 ஆகஸ்டில் தூத்துக்குடிவரையும் நீட்டிக்கப்பட்டது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வேலையை விட்ட கையோடு கிராஜுவிட்டிப் பணம் முழுவதையும் ஊரில் மச்சு வீடாக்காதீர்கள். இங்கே வீடு இருந்தால் அவசரப்பட்டு விற்காதீர்கள். தம்பதியாகப் போய் ஊரில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள். பொங்கலையும் கொடையையும் மட்டுமல்ல, சித்திரை வெயிலையும் ஐப்பசி அடைமழையையும், ஒன்றும் நடக்காத வெறும் செவ்வாய்க்கிழமைகளையும் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் எந்தக் கதவைத் தட்டுவீர்கள் என்று யோசியுங்கள். அந்தக் கதவு திருநெல்வேலியில் இருந்தால் ரயிலேறுங்கள். மட்டாஞ்சேரியில் இருந்தால் தயங்காமல் இங்கேயே இருங்கள். பிறந்த மண்ணுக்குத் துரோகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எங்கே இருப்பதென்று தீர்மானித்த பிறகு ரேஷன் அட்டை, ஓட்டு, ஆதார் விலாசம், வங்கிக் கணக்கு, வாரிசுப் பதிவு எல்லாவற்றையும் அந்த ஒரே ஊருக்கு மாற்றிவிடுங்கள். கையும் காலும் நடமாடுகிறபோதே இதை முடித்துவிடுவது நல்லது.