பாலம் மூடிய காலத்தில் பழைய கார்

ஜொகூர் பாருவில் பழைய கார் வியாபாரம் 2020 மார்ச் 18ஆம் தேதி ஒரே நாளில் நின்றுபோனது. கோவிட் பரவலைத் தடுக்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அன்று நடப்புக்கு வந்தது. கார் கடைகள் மூடின. சிங்கப்பூருக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வந்த சுமார் 3 லட்சம் பேருக்குக் கடற்பாலமும் மூடியது. நகரின் பணப்புழக்கத்தில் கணிசமான பங்கு அந்தப் பாலத்தின் வழியாக வருவது என்பதால், இங்கு அடி இரண்டு பக்கமிருந்தும் விழுந்தது.

கடையைத் திறக்க முடிந்திருந்தாலும் கார் கைமாறியிருக்காது. மலேசியாவில் பழைய காரின் பெயர் மாற்றத்துக்கு முன் அது அப்போது புஸ்பாகோம் என்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் சோதனையில் தேற வேண்டியிருந்தது. சாலைப் போக்குவரத்து இலாகாவில் உரிமை மாற வேண்டும். கடன் வாங்கினால் வங்கியும் ஒப்புதல் தர வேண்டும். இந்த மூன்று கதவுகளும் படிப்படியாகத் திறந்த பிறகே வியாபாரம் மூச்சுவிட்டது. புதிய கார்ச் சந்தையும் அப்படித்தான் இருந்தது. 2019இல் நாடு முழுதும் 604,287 புதிய வாகனங்கள் விற்றன. 2020 ஏப்ரல் மாதம் முழுவதிலும் விற்றவை வெறும் 141.

இந்தக் கட்டத்தில் பழைய கார்கள் மலிந்து குவியும் என்றுதான் பலர் எதிர்பார்த்தார்கள். வேலை போனவர் முதலில் விற்பது காரைத்தானே என்ற கணக்கு அது. நடந்தது வேறு, அதற்குக் காரணம் கடன். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஆறு மாதத்துக்குத் தவணை கட்ட வேண்டாம் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா சலுகை அறிவித்தது. வாடகைக் கொள்முதல் எனப்படும் கார்க் கடனும் அதில் அடங்கும். சாதாரண நாளில் அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினாலே காரை இழுத்துச் செல்லும் நடவடிக்கை தொடங்கிவிடும். அந்த ஆறு மாதத் தவணைப் பாக்கிக்காக 2020 டிசம்பர் 31 வரை காரைக் கைப்பற்றக்கூடாது என்று கோவிட் பாதிப்பைக் குறைக்கும் தற்காலிகச் சட்டமும் தடுத்தது. இழுத்த கார்கள் ‘லேலோங்’ எனப்படும் ஏலத்துக்குப் போகும். அங்கிருந்து கார் கடைகளுக்கு வரும். அந்த ஊற்று வற்றியது.

காரை விற்க நினைத்தவருக்கும் வழி எளிதாக இல்லை. கார்க் கடனை ஒன்பது ஆண்டு வரை நீட்டிக்கொள்ளலாம். வட்டியோ அப்போது முழுத் தொகைக்கும் தொடக்கத்திலேயே கணக்கிடப்பட்டது. 45,000 ரிங்கிட் கடனை ஆண்டுக்கு 3.5 விழுக்காடு வட்டியில் ஒன்பது ஆண்டுக்கு எடுத்தால், வட்டி மட்டும் 14,175 ரிங்கிட். மாதத் தவணை ஏறத்தாழ 548. இரண்டு ஆண்டில் 13,000 ரிங்கிட்டுக்கு மேல் கட்டிய பிறகும், ‘விதி 78’ என்ற அப்போதைய கணக்குப்படி அசலில் குறைந்தது சுமார் 7,600 மட்டுமே. காரின் விலையோ அதைவிட வேகமாக இறங்கியிருக்கும். விற்றால் வித்தியாசத்தைக் கையிலிருந்து போட்டாக வேண்டும். அந்தப் பணம் இல்லாதவர்கள் நெடுங்காலமாக நாடும் வழி ‘சம்போங் பாயார்’: பெயரை மாற்றாமலே காரை இன்னொருவரிடம் ஒப்படைத்து, மீதித் தவணையை அவர் கட்டுவதாகப் பேசிக்கொள்வது. இது சட்டப்படி செல்லாது. வாங்கியவர் கட்டாமல் நிறுத்தினாலும், அபராதச் சம்மன் வந்தாலும், பதிவில் இருப்பவர் வாசலில்தான் ஆள் வந்து நிற்பார். நெருக்கடிக் காலத்தில் இப்படி ஒரு பேச்சை நம்புவது ஆபத்து. அதை நம்ப வைத்ததும் அதே நெருக்கடிதான்.

2020 ஜூனில் காற்று திசை மாறியது. பெஞ்சானா என்ற அரசு மீட்சித் திட்டத்தின்கீழ், உள்நாட்டில் பொருத்தப்பட்ட கார்களுக்கு 10 விழுக்காட்டு விற்பனை வரி முற்றிலும் நீக்கப்பட்டது. முழுதாக இறக்குமதியாகும் கார்களுக்குப் பாதியானது. ஒரு மைவி காரில் ஓரிரண்டாயிரம் ரிங்கிட் குறைந்தது. பேங்க் நெகாராவும் ஜூலைக்குள் அடிப்படை வட்டியை 1.75 விழுக்காட்டுக்கு இறக்கியிருந்தது. ஆனால் ஒன்றிரண்டு வயதான காரைக் கடையில் நிறுத்தியிருந்த வியாபாரிக்கு இது நல்ல செய்தியல்ல. பக்கத்துக் காட்சியறையில் புதியது மலிந்துவிட்டால் பழையதன் விலையையும் இறக்க வேண்டும்; அவரோ அதைப் பழைய விலைக்கு வாங்கிப் போட்டவர். அரசின் சலுகை புதிய காருக்கு மட்டுமே கிடைத்தது என்ற மனக்குறைக்கு நியாயம் இருந்தது.

அந்தக் குறை நெடுநாள் நீடிக்கவில்லை. 2021இல் உலகெங்கும் மின்னணுச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஜூன் 1 முதல் மலேசியா மறுபடி முழு முடக்கத்துக்குப் போனதால், அந்த மாதம் விற்ற புதிய வாகனங்கள் இரண்டாயிரத்தைக்கூட எட்டவில்லை. வரிச் சலுகை தவணை தவணையாக நீண்டு, 2022 ஜூன் வரை பதிவு செய்த முன்பதிவுகளுக்குக் கிடைத்தது. அதனால் வாங்க ஆள் இருந்தது, தரக் கார் இல்லை. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. புதிய கார் கைக்கு வராதவர் பழையதை விடமாட்டார். கார் கடைக்கு வரவேண்டிய சரக்கு இப்படித் தடைபட்டதும், பயன்படுத்திய மைவி, சாகா போன்ற கார்களுக்குத் தேவை கூடியது. பேருந்தில் நெருக்கி ஏற அஞ்சியவர்களும் சின்னக் கார் தேடினார்கள்.

அமெரிக்காவில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனம் 2020 மே மாதம் திவால் பாதுகாப்பு கோரியது. வாடகை நிறுவனங்கள் கார்களை விற்றுத் தள்ளின. பின்னர் தேவைப்பட்டபோது வாங்கப் புதியது இல்லை. 2021 ஜூனில் அங்கு பயன்படுத்திய கார்களின் விலை முந்தைய ஆண்டைவிட 45.2 விழுக்காடு கூடியிருந்தது. மலேசியாவில் ஏற்றம் அவ்வளவு கடுமையாக இல்லை.

வியாபாரத்தின் முகமும் மாறியது. வெயிலில் கடை கடையாக அலைந்து, பானெட்டைத் திறந்து பார்த்து, விலை பேசிய வழக்கத்துக்குப் பக்கத்தில் கைப்பேசி வந்து நின்றது. பழைய கார்களை இணையத்தில் விற்கும், 2015இல் தொடங்கிய கார்சம் நிறுவனம் 2021இல் 100 கோடி டாலர் மதிப்பைத் தாண்டியது. ஆனாலும் புஸ்பாகோமையும் வங்கியையும் எந்தச் செயலியாலும் தாண்டிப் போக முடியவில்லை.

ஜொகூர் பாருவுக்கே உரிய பாதிப்பு, நிறுத்திவிட்டுப் போன கார்கள். சிங்கப்பூரில் தங்கி வேலையைக் காப்பாற்றிக்கொண்டவர்கள், இக்கரையில் வீட்டு வாசலிலோ நிறுத்துமிடத்திலோ காரை விட்டிருந்தார்கள். 2021 நவம்பர் 29 முதல் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பேருந்து மட்டும் பாலத்தில் ஓடியது. சொந்த வாகனத்தில் கடக்க 2022 ஏப்ரல் 1 வரை காத்திருந்தார்கள். இரண்டு ஆண்டு அசையாத காரில் பேட்டரி செத்திருக்கும், டயரில் தரைபட்ட பக்கம் தட்டையாகியிருக்கும், ரப்பர் குழாய்கள் காய்ந்திருக்கும், ரோட் டேக்ஸ் முடிந்திருக்கும்.

2022இல் புதிய வாகன விற்பனை 720,658 ஆகவும், 2023இல் 799,731 ஆகவும் உயர்ந்தது. வரிச் சலுகையோடு பதிவு செய்யும் கடைசி நாளான 2023 மார்ச் 31 கடந்தது. புதிய கார்கள் வந்து சேரச் சேர, அவற்றுக்குப் பதிலாகக் கைவிடப்பட்ட பழையவை மீண்டும் கடைகளுக்கு வரத் தொடங்கின. அவற்றில் 2018, 2019ஆம் ஆண்டுக் கார்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு புதுச் சிக்கல். வயதுக்குப் பொருந்தாமல் மீட்டர் குறைவாக ஓடியிருந்தால் முன்பு திருகியிருக்கிறார்கள் என்று சந்தேகிப்பார்கள். 2021 அக்டோபர் 11 வரை பல மாதங்கள் மாநிலம் கடக்கவே தடை இருந்த நாட்டில் அந்த மீட்டர் உண்மையாகவும் இருக்கலாம். அப்படியே இருந்தாலும், ஓடாமல் நின்ற காருக்கு நின்றதால் வந்த செலவு தனி.